அசையாமல் நிற்கச் சொன்னார்கள்

அவுதியோவை ஹைவே சோதனைச் சாவடியில் பிடித்துப் போட்டிருக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது நான் ஐஸ் பாளங்களின் மேல் மரத்தூள் கொட்டிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை. சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. ஏரியில் பேருக்குக்கூடக் காற்றில்லை. தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மயில் கழுத்து நிறத்தில் கிடந்தது. கரையேற்றிய படகுகளுக்கு அடியில் நாய்கள் படுத்திருந்தன. அந்த வெயிலில் கால்பான் சந்து நெர்வா கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"மலைக்காரி, வண்டிய எடு. அவுதியோவ அடிச்சுப் போட்டுட்டானுவ."

"யாரு?"

"சாவடிக்காரனுவதான். பஸ்ஸ நிறுத்தி எல்லாரையும் எறங்கச் சொன்னானுவ. கைய மேல தூக்கிட்டு அசையாம நில்லுன்னானுவ. அவன் எப்பிடி நிப்பான்? நீயே சொல்லு, எப்பிடி நிப்பான்?"

"நீ சொல்லலியா, நோவுக்காரன்னு?"

"சொன்னேன். என்னப் பிடிச்சு பஸ்சுக்குள்ள தள்ளுனான் ஒருத்தன். டிரைவரு ஒரு வார்த்த பேசல. அந்த டிரைவருக்கு அவுதியோவ சின்னப் பிள்ளையில இருந்து தெரியும். பீடை பிடிச்சவன், கண்ணாடிக்கு வெளிய பாத்துக்கிட்டு இருக்கான்."

நான் மலையிலிருந்து கல்யாணமாகி இறங்கி வந்தவள். வீட்டுக்காரர் போன பிறகு அவருடைய ஐஸ் டிப்போவையும் லாரியையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இந்தப் புந்தா கார்சா ஊரில் எதெல்மீரா என்ற என் பெயரைக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. மலைக்காரி என்றுதான் சொல்வார்கள். வந்த புதிதில் எனக்கு ஏரியின் புழுக்கம் பழகவில்லை. அதைவிட, கால்பான் சந்து பழகவில்லை. அந்தச் சந்தில் வீட்டுக்கு ஒருவராவது ஆடிக்கொண்டிருப்பார்கள்.

இங்கே அதற்கு நோவு என்றுதான் பேர். டாக்டர்கள் நீளமான பேர் ஒன்று சொல்வார்கள். யாரும் அதை மனசில் வைத்துக்கொள்வதில்லை. முதலில் ஒரு விரல் துடிக்கும். பிறகு தோள். பிறகு நடை கோணும், கால் நினைத்த இடத்தில் ஊன்றாது. நாக்கு குழறும். கடைசியில் சாப்பாடு தொண்டையில் இறங்காது. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரும் என்பார்கள். எந்தப் பாதி என்பது ஆளாகிப் பிள்ளை பெற்ற பிறகுதான் தெரியும். அதனால் சந்தில் எல்லோரும் எல்லோருடைய கையையும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒருத்தி கையிலிருந்து கோப்பை நழுவினால் அவள் தாய் அழத் தொடங்கிவிடுவாள். கேமராவோடு வந்தவர்கள் உண்டு. ஆடுகிறவர்களை நிற்க வைத்து, நடக்க வைத்துப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். என்ன படம், யார் பார்த்தார்கள் என்று இன்றுவரை எவனும் வந்து சொல்லவில்லை.

நான் லாரியைச் சந்துக்குள் விட்டபோது வீட்டு வாசலில் எந்த்ரீனா எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அவுதியோவின் தங்கை. ஹைவேயில் சாவடிக்கு எதிர்ப்புறம் இருக்கும் நண்டுக் கொட்டகையில் காலை ஷிப்டு அவளுக்கு. வேகவைத்த நண்டைச் சிறு கத்தியால் பிளந்து, ஓடு கலக்காமல் சதையை எடுத்து டப்பாவில் அடுக்க வேண்டும். அவளைப்போல் நண்டு பிளப்பவள் அந்தக் கொட்டகையில் இல்லை. ஆனால் அங்கே அவள் கால்பான் இல்லை. கால்பான் என்ற குடும்பப் பேரைச் சொன்னால் வாசற்படி ஏற விடமாட்டார்கள் என்பதால், தாய்வழிப் பேரான ரின்கோனைச் சொல்லிச் சேர்ந்திருந்தாள். புந்தா கார்சாவில் இருந்து வருவதாகக்கூடச் சொன்னதில்லை.

விஷயத்தைச் சொன்னதும் அவள் கை நின்றது. தோலை வீசிவிட்டு, ஈரக்கையோடு வந்து வண்டியில் ஏறினாள். தாய் சின்கா சமையலறையிலிருந்து வெளியே வந்தாள்.

"ஏட்டி, எங்க போற?"

"அண்ணனக் கூட்டியார."

"அவன் எங்க? பந்தாட்டம் பாக்கத்தான போனான்? புதுத் தொப்பியப் போட்டுக்கிட்டுப் போனானே."

வண்டி நகர்ந்தது.

சாவடி என்பது ஒரு தகரக் கூரை, ஒரு தடுப்புக் கட்டை, இரண்டு அறை. முன்னறையில் மின்விசிறிக்கு நேராக சார்ஜென்ட் உட்கார்ந்திருந்தான். சட்டைப் பொத்தான் திறந்திருந்தது. காப்பி குடித்துக்கொண்டிருந்தான். எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"எங்க அண்ணன் உள்ள இருக்கான்," என்றாள் எந்த்ரீனா. "விடுங்க சார். அவனுக்கு உடம்பு சரியில்ல."

"உடம்புக்கு என்ன? மூக்குமுட்டக் குடிச்சிருக்கான். இல்லன்னா வேற எதாவது போட்டிருப்பான். கைய மேல தூக்குன்னா கூத்தடிக்கான். என் ஆள் மூஞ்சியில கைய வீசுதான்."

"வாய மோந்து பாத்தியளா?"

"என்ன?"

"குடிச்சிருந்தா நாறுமே. மோந்து பாத்தியளான்னு கேக்கேன்."

"இந்தா, என்கிட்ட வாயடிக்காத."

"சீக்கு சார் அது. அவன் வேணும்னு ஆடல. தூங்கும்போது மட்டுந்தான் அவன் உடம்பு நிக்கும். எங்க அப்பாவுக்கும் இருந்துச்சு."

"எல்லாவனுக்கும் ஒரு சீக்கு இருக்கு இந்த ரோட்டுல," என்றான் சார்ஜென்ட். காப்பியை ஒரு மிடறு குடித்தான். "நான் கெட்டவன் இல்ல. நீ உள்ள போ. உங்க அண்ணன்கிட்ட ஒரு நிமிசம் சும்மா நிக்கச் சொல்லு. கையக் காலக் கட்டுக்குள்ள வச்சுக்கிட்டு ஒரே ஒரு நிமிசம். நின்னான்னா இப்பவே கூட்டிட்டுப் போ."

எந்த்ரீனா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்; நானும் பின்னால் போனேன். அந்தப் பார்வையை நான் அதற்கு முன் அவளிடம் பார்த்ததில்லை.

உள்ளறையில் அவுதியோவை ஒரு மரப் பெஞ்சில் படுக்கவைத்து நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். விழுந்துவிடாமல் இருக்கத்தான் என்று வாசலில் நின்ற காவலன் சொன்னான். கட்டினால் நோவு நின்றுவிடுமா? கயிற்றுக்குள் மணிக்கட்டு இழுத்துக்கொண்டேயிருந்ததில் தோல் வழண்டு சதை தெரிந்தது. இடது முன்கை நடுவில் இருக்கக் கூடாத ஒரு வளைவோடு கிடந்தது. அந்தக் கையும் சும்மா இல்லை. ஒடிந்த கையும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவன் பல்லைக் கடித்தான். தொப்பி பெஞ்சுக்கு அடியில் மிதிபட்டுக் கிடந்தது.

தங்கையைப் பார்த்ததும் அவன் பேச முயன்றான். வார்த்தை வர நேரமாகும் அவனுக்கு. அவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"நான் நின்னேன், பிள்ளே," என்றான். "நின்னுதான் பாத்தேன்."

"தெரியும்ணே."

"நெசமா. நின்னேன்."

"தெரியும். பேசாத."

கயிற்றை அவிழ்க்கப் போனவளைக் காவலன் தோளைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தான். நான் சார்ஜென்ட்டிடம் கையைக் கூப்பாத குறையாகக் கேட்டுப் பார்த்தேன். இத்தனை காலம் இந்த ரோட்டில் ஐஸ் கொண்டுபோகிறேன், என்னைத் தெரியாதா என்றேன். திங்கட்கிழமை பெரியவர் வருவார், அவரிடம் சொல் என்றான். திங்கட்கிழமைவரை அந்தக் கயிற்றில் அவன் உயிரோடு இருப்பானா என்று நான் கேட்டதற்கு விசிறியைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டான்.

வண்டியில் ஏறியதும் எந்த்ரீனா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அக்கா, மறுபடி நம்ம சந்துக்கு விடுங்க. லாரியில இருக்க ஐசெல்லாம் எறக்கிருவோம். நஷ்டமானா நான் ஒழைச்சுக் கழிக்கேன்."

"ஐசு கெடக்குது. எதுக்கு இப்ப?"

"ஆளு ஏத்தணும்."

சந்தில் வீடு வீடாகப் போனாள். கெஞ்சவில்லை, விளக்கவில்லை. அண்ணனை அசையாமல் நிற்கச் சொல்லி அடித்துக் கையை ஒடித்துவிட்டார்கள், நோவு உள்ளவர்கள் எல்லோரும் வண்டியில் ஏறுங்கள் என்றாள். முதலில் வந்தவன் உபால்தோ. ஒரு காலத்தில் வலை இழுத்தவன். இப்போது இரண்டு தப்படி முன்னால் வைத்தால் ஒரு தப்படி பக்கவாட்டில் போகும் அவனுக்கு.

"எங்கட்டி கூட்டிட்டுப் போற? கல்யாணமா? நான் சவரங்கூடப் பண்ணல," என்று குழறினான்.

"சாவடிக்கு மாமா."

"அப்ப சவரம் வேண்டாம்," என்று ஏறப்போனான். அவன் கால் படியில் நிற்காமல் மூன்று முறை நழுவியது. நானும் நெர்வாவும் இடுப்பைப் பிடித்து ஏற்றினோம். நெர்வாவின் புருஷன், எதிர்வீட்டு அக்காள் தங்கை இரண்டு பேர், எழுந்து நடமாட முடியாமல் கிடந்த ஒரு பெண், இன்னும் சிலர் வந்தார்கள். கிடந்தவளை நாற்காலியோடு தூக்கி வைத்தோம். கூட்டிப்போக வேண்டாம் என்று கதவைச் சாத்தியவர்களும் இருந்தார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

சின்கா வண்டியின் முன்னால் வந்து நின்றுகொண்டாள். நோவு இல்லாத பெண்பிள்ளை அவள். புருஷனை அந்த நோவில் அனுப்பிவிட்டு, மூத்தவனையும் அதற்குக் கொடுத்துக்கொண்டிருப்பவள்.

"ஏட்டி எந்த்ரீனா, கொட்டக அங்கதான இருக்கு எதுத்தாப்புல. மேஸ்திரி நெப்தாலி பாப்பான். எல்லாவளும் பாப்பாளுவ. இவங்களக் கூட்டிட்டுப் போயி நடுரோட்டுல எறக்குனா நீ யாரு வீட்டுப் பிள்ளன்னு ஊருக்கே தெரிஞ்சு போவும்."

"தெரியட்டும்."

"சோத்துல மண்ணள்ளிப் போடாதட்டி. மலைக்காரி போவட்டும். நெர்வா போவட்டும். நீ இரு."

"எங்கண்ணன நான் போயிக் கூப்பிடாம யாரு கூப்பிடுவா?"

"அவன் போற உசுரு. நீ இருக்கணுமேட்டி." இதைச் சொல்லிவிட்டு சின்கா தன் வாயைத் தானே அறைந்துகொண்டாள்.

எந்த்ரீனாவின் முகம் கறுத்தது. "இன்னொரு தடவ அப்பிடிச் சொன்னேன்னா உங்கூடப் பேசவே மாட்டேன்," என்று மட்டும் சொன்னாள். தாயின் இரண்டு தோளையும் பிடித்து, வண்டிக்கு முன்னாலிருந்து நகர்த்தி நிறுத்தினாள்.

நாங்கள் போனபோது கொட்டகையில் மதிய ஷிப்டு நடந்துகொண்டிருந்தது. நண்டு வேகிற ஆவி ரோட்டுவரைக்கும் வந்தது. நான் லாரியைச் சாவடி வாசலை அடைத்தாற்போல் நிறுத்தினேன். பின்னால் இரண்டு பஸ் வந்து நின்று ஒலி எழுப்பின. எந்த்ரீனா முதலில் குதித்து, ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இறக்கினாள்.

அவர்கள் அந்த வாசலில் நின்ற விதத்தை எப்படிச் சொல்வது. யாரும் நிற்கவில்லை. ஒருவர் தோள் மேலே போனது, ஒருவர் தலை பின்னால் சாய்ந்தது, ஒருவர் கால் தரையை உதைத்தது. கைகள் எல்லாம் காற்றில் எதையோ தேடின. ஆனாலும் யாரும் பின்வாங்கவில்லை. முன்னறைக்குள் போனார்கள். அந்தச் சின்ன அறை நிறைந்துவிட்டது. உபால்தோவின் முழங்கை மேசையிலிருந்த கோப்பையைத் தட்டியது. காப்பி சார்ஜென்ட்டின் மடியில் கொட்டியது.

"மன்னிக்கணும் ஐயா," என்றான் உபால்தோ. "அது நான் இல்ல. கை."

சார்ஜென்ட் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து சுவரோடு சாய்ந்தான். "என்னது இது? யாரு இவங்கெல்லாம்?"

"குடிகாரங்க," என்றாள் எந்த்ரீனா. "எல்லாரும் குடிச்சிருக்காங்க சார். பிடிச்சு உள்ள போடுங்க. கயிறு பத்தலன்னா நான் வாங்கியாரேன்."

"ஏம்மா—"

"அவ நாக்காலியில இருக்கா பாருங்க, அவள எந்திரிச்சு நிக்கச் சொல்லுங்க. ஒரு நிமிசந்தான? சொல்லுங்க சார். துப்பாக்கிக் கட்டையால இடிச்சாத்தான் நிப்பான்னா இடிங்க. நாங்க பாத்துக்கிட்டு நிக்கோம். ரோடே பாத்துக்கிட்டு நிக்குது."

பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கி வாசலில் கூடியிருந்தார்கள். உள்ளறைக் காவலன் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றான். சின்னப் பையன்தான் அவனும். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"சார், இது ஒட்டுமா?" என்று சார்ஜென்ட்டைக் கேட்டான்.

"ஒட்டும்," என்றாள் எந்த்ரீனா அவனைப் பார்த்து. "கட்டிப் போடுறவனுக்கு ஒட்டும். அடிச்ச கைக்குத்தான் மொதல்ல வரும்."

அது பொய் என்று அங்கே ஆடிக்கொண்டிருந்த எல்லோருக்கும் தெரியும். பிறப்பால் வருவது அது, தொட்டால் வருவதில்லை. ஒட்டும் என்று சொல்லியே அவர்களை ஆயுசு முழுக்க ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. உபால்தோ மட்டும் அந்தக் காவலன் பக்கமாகக் கையை நீட்டினான். வேண்டுமென்று நீட்டினானா, கை போனதா என்பது எனக்குத் தெரியாது. காவலன் உள்ளே ஓடிக் கயிற்றை அறுத்தான்.

அவுதியோவை நாங்கள் தூக்கிக்கொண்டு வந்தபோது சார்ஜென்ட் வாசலில் நின்று, "முன்னமே ஒழுங்காச் சொல்லியிருந்தா இவ்வளவு எதுக்கு?" என்றான். எந்த்ரீனா திரும்பினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒல்லியான கை. பிடிக்குள் நிற்கவில்லை. அது நோவால் அல்ல.

ரோட்டுக்கு அந்தப் பக்கம், கொட்டகை வாசலில், தலையில் வலைத்தொப்பியும் காலில் ரப்பர் பூட்சுமாகப் பெண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் மேஸ்திரி நெப்தாலி நின்றான். எந்த்ரீனா அவனைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அண்ணனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு லாரியின் திறந்த பின்பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தாள்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். கையை அசைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அதைச் சொன்ன டாக்டரைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பில் நல்லெண்ணம் ஒன்றும் இல்லை. கட்டு ஒரு வாரம் தாங்கவில்லை. சுவரிலும் கட்டில் காலிலும் மோதி உடைந்தது. மறுபடி போட்டார்கள், மறுபடி உடைந்தது. எலும்பு கோணலாகவே சேர்ந்தது. இப்போது அந்தக் கை ஆடும்போது மற்றக் கை மாதிரி ஆடாது, முறிந்த கிளைபோல ஒரு பக்கமாகத் தொங்கி ஆடும். சாவடியில் ஒருவர் மேலும் நடவடிக்கை இல்லை. பெரியவர் திங்கட்கிழமை வந்தாராம், போனாராம்.

அந்தத் திங்கட்கிழமை எந்த்ரீனாவும் வேலைக்குப் போனாள். அன்று கொட்டகைக்கு ஐஸ் போடுகிற முறை. அவளை நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். காலையில் அண்ணனுக்கு வாழைக்காயை வேகவைத்துக் குழைய மசித்து, கத்தாளை மீனை முள் பார்த்துப் பிசைந்து, சின்னச் சின்னக் கவளமாக ஊட்டிவிட்டு வந்திருந்தாள். சட்டையில் அது தெறித்திருந்தது. மாற்றிக்கொள்ளவில்லை.

வாசலிலேயே நெப்தாலி நின்றான். கெட்டவன் என்று சொல்லமுடியாது அவனை. பிள்ளைகுட்டிக்காரன்.

"ரின்கோன்," என்றான். பிறகு, "இல்ல, என்னன்னு கூப்பிட?"

"கால்பான்."

"ஏம்மா, ஏமாத்திட்டியே. வாங்குறவன் காதுக்குப் போனா சரக்க எடுக்க மாட்டாம்மா. நண்டுல சீக்கு ஏறும்னு எவனாவது கெளப்பி விடுவான். நான் என்ன செய்யட்டும்?"

"நண்டுல ஏறாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதுல்ல." அவன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நீ நல்லா வேல பாக்குறவ. ஒன்ன விட எனக்கு மனசில்ல. ஒண்ணு செய். இவளுவளுக்கு முன்னால ரெண்டு கையையும் நீட்டு. வெரல விரிச்சு, நேரா. ஆடலன்னு எல்லாரும் பாத்துக்கிடட்டும். அப்புறம் ஒருத்தியும் பேச மாட்டா. அவ்வளவுதான். உள்ள போயி உக்காரு."

மேசைகளில் கத்திச் சத்தம் நின்றுபோனது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எந்த்ரீனாவின் கை ஆடாது. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அந்தக் கொட்டகையிலேயே உறுதியான கை அவளுடையதுதான். நீட்டினால் முடிந்தது. நீட்டிவிடு பிள்ளே என்று என் மனம் அடித்துக்கொண்டது.

அவள் இரண்டு கையையும் ஏப்ரனுக்கு அடியில் சொருகிக்கொண்டாள்.

"மாட்டேன்."

"ஏம்மா, ஒரு நிமிசந்தான?"

"அந்தச் சாவடிக்காரனும் இதத்தான் சொன்னான்," என்றாள். "நெப்தாலி, நீ ஒங் கைய நீட்டு. ஒங்க அம்மா கைய நீட்டச் சொல்லு. இங்க இருக்க எல்லாவளும் நீட்டட்டும். அப்ப நானும் நீட்டுதேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மேசைகளில் ஒருத்தியும் கையை நீட்டவில்லை. சிலர் தங்கள் கைகளை மடிக்கு இறக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். எந்த்ரீனா ஏப்ரனை அவிழ்த்து வாசற்படியில் போட்டுவிட்டு வந்து வண்டியில் ஏறினாள்.

"நீட்டியிருக்கலாம்லா பிள்ளே," என்றேன் வழியில். மனசு கேட்கவில்லை.

"இன்னைக்கு நீட்டுனா நாளைக்கும் நீட்டச் சொல்லுவான் அக்கா. தெனம் காலையில நீட்டிட்டுத்தான் உள்ள போகணும். என்னைக்காவது ஒரு நாள் நிக்காது. அன்னைக்கு என்ன சொல்லுவேன்? வண்டிய அடுத்த கொட்டகைக்கு விடுங்க."

அடுத்த கொட்டகையில் பேர் கேட்டார்கள். எந்த்ரீனா கால்பான், புந்தா கார்சா என்றாள், கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி. ஆள் தேவையில்லை என்றான் அங்கிருந்தவன். வாசலில் ஆள் தேவை என்ற பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

மூன்றாவது, ஏரியின் முனையில் தனியாக இருந்த ஒரு கொட்டகை. நடத்துகிறவள் ஒரு பொம்பளை, தெலீசா என்று பேர். குரல் ஆண்பிள்ளைக் குரல். அன்றைக்குப் படகுகள் நண்டை அள்ளிக்கொண்டு வந்து கொட்டியிருந்தன. கொப்பரையிலிருந்து சிவக்கச் சிவக்க வாரிப் போட்டுக்கொண்டேயிருந்தார்கள். மேசையில் ஆள் போதவில்லை. ஆவியில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

"பேரு?"

"எந்த்ரீனா கால்பான். நோவுக்கார வீடு. சனிக்கிழம சாவடியில நடந்ததக் கேள்விப்பட்டிருப்பிய."

தெலீசா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அந்தச் சார்ஜென்ட் மடியில காப்பி ஊத்துனது நீயா?"

"எங்க மாமா."

தெலீசா சிரிக்கவில்லை. ஆனால் வாய் கொஞ்சம் கோணியது. "சரி. கடைசி மேசையில போயி உக்காரு. அந்தத் தூணுக்குப் பின்னால. வாங்குறவன் வந்தா கண்ணுல படாம இருக்கும்."

"நடு மேசையில எடம் கெடக்கே."

"நான் எங்க சொல்லுதேனோ அங்க உக்காரு."

"நான் தூணுக்குப் பின்னால உக்கார மாட்டேன். வேண்டாம்னா சொல்லுங்க, போறேன்."

கொப்பரைக்காரன் இன்னொரு கூடை நண்டைக் கொண்டுவந்து கொட்டினான். தெலீசா அந்தக் குவியலையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து ஒரு கத்தியை எடுத்து நீட்டினாள்.

நான் ஐஸை இறக்கிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த்ரீனா நடு மேசைக்குப் போனாள். அங்கே இருந்த சிவப்புத் தலைத்துணிக்காரி, பேச்செல்லாம் கேட்டிருந்தவள், தன் ஸ்டூலை ஒரு சாண் அந்தப் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டாள். எந்த்ரீனா தன் ஸ்டூலை இரண்டு சாண் அவள் பக்கமாக இழுத்துப் போட்டு, அவள் முழங்கையில் தன் முழங்கை இடிக்கும்படி உட்கார்ந்து, ஒரு நண்டை எடுத்துப் பிளந்தாள்.